பிரதியீடு, நீக்கல், மதினி

பரீட்சை மண்டபத்தில் ஜன்னலோர வரிசையில் ஒரு மேசை காலியாகக் கிடந்தது. மூலையில் பரீட்சை எழுதுபவரின் சுட்டெண் ஒட்டியிருந்தது. வினாத்தாளையும் குப்புற வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உட்கார வேண்டிய ஆளைத்தான் காணவில்லை.

அது என் மதினி சுமையாவின் மேசை. என் அண்ணன், நானாவின் மனைவி என்பதால் மதினி. வயதில் என்னைவிடச் சில மாதங்கள்தான் மூப்பு. அவளும் நானும் ஒரே மண்டபத்தில் ஏ.எல் என்கிற உயர்தரப் பரீட்சை எழுத வந்திருந்தோம். வந்திருந்தோம் என்று எழுதுவது பிழை. நான் வந்திருந்தேன்.

அன்று உயிரியல் பேப்பர். விடியற்காலை மழை பெய்திருந்தது. வாசலில் குவிந்து கிடந்த ஈரக் குடைகளிலிருந்து ஒரு புழுங்கல் வாடை உள்ளே வரை வந்தது. நான் ஒரு கேள்வியை வாசிப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் என் பக்கம் வந்து, “என்ன மகள், கேள்வி வாசல்லயா எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

அரை மணி நேரம் கடந்தால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கடந்துவிட்டது. டீச்சர் மதினியின் மேசைக்குப் போய் வினாத்தாளை எடுத்துக்கொண்டார்.

இந்தப் பரீட்சையின் சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போக வேண்டுமானால் ஏ.எல்லை மூன்று தரம்தான் எழுதலாம். மூன்று பாடங்களும் ஒரே தடவையில் பாஸாக வேண்டும். ஒரு பேப்பருக்குப் போகாமல் விட்டால் மற்றவற்றில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பிரயோசனமில்லை. மதினிக்கு அது மூன்றாந்தரம்.

லீக்ஸ் வாடை அடிக்கும் புத்தகம்

எங்கள் வீடு அலுவிகாரையில், பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில். தம்புள்ளை லொறிகள் போகும்போது அடுப்படித் தட்டில் பீங்கான்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வாப்பா நேரத்தோடேயே மௌத்தாகிவிட்டார். உம்மா, நானா, நான், மூன்று பேர்தான். நானா தம்புள்ளையில் மரக்கறி எடுத்து மாத்தளைக் கடைகளுக்குப் போடுவார். லொறி அவருடையது. சத்தமும் அவருடையது. வீட்டுக்குள் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மதினியின் ஊர் தம்புள்ளைக்கு அந்தப் பக்கம். இரண்டு தரம் ஏ.எல் எழுதி மயிரிழையில் கம்பஸ் வாய்ப்பைத் தவறவிட்டவள். கல்யாணம் பேசப் போனபோது அவளுடைய வாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மூன்றாந்தரமும் எழுத விட வேண்டும்.

“நல்லா எழுதட்டும் மாமா,” என்று நானா சிரித்திருக்கிறார். “எங்கட வூட்டிலயும் ஒண்டு எழுதிக்கிட்டுத்தான் ஈக்குது. ரெண்டும் சேர்ந்து படிச்சா எனக்குக் கரண்ட் பில் மிச்சம்.”

அந்த “ஒண்டு” நான்தான். முதல் தரம் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டுவிட்டு இரண்டாந்தரத்துக்கு முக்கிக்கொண்டிருந்தேன்.

நானா ஓ.எல் என்கிற சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டவர். ஆனால் எங்கள் இருவருக்கும் பாஸ் பேப்பர் என்கிற பழைய வினாத்தாள் புத்தகங்களைத் தேடித் தேடிக் கொண்டுவருவார். லொறியில் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் வரும் புத்தகத்துக்கு லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தாளின் வாடை ஏறியிருக்கும். இன்றைக்கும் சந்தையில் லீக்ஸ் கட்டைக் கையில் எடுத்தால் எனக்கு ஐதரோகாபன்தான் ஞாபகம் வரும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை.

மதுசாரத்தில் போட்டால்

காபன் சேர்வைகளைப் பற்றிய சேதன இரசாயனத்தில் எனக்குப் பிடரியில் அடித்த இடம் ஒன்றுதான். பிரதியீட்டுத் தாக்கம், நீக்கல் தாக்கம்.

ஒரு காபன் சங்கிலியில் புரோமீன் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. அதோடு பொட்டாசியம் ஐதரொட்சைட்டைச் சேர்க்கிறோம். நீரில் கரைத்துச் சேர்த்தால் புரோமீன் எழும்பிப் போக, அந்த இடத்தில் ஓ.எச் வந்து உட்காருகிறது. அது பிரதியீடு. அதே ஐதரொட்சைட்டை மதுசாரத்தில் கரைத்துச் சூடாக்கினால் புரோமீனும் போகிறது, பக்கத்துக் காபனிலிருந்து ஒரு ஐதரசனும் போகிறது. புதிதாக யாரும் வருவதில்லை. இரண்டு காபனுக்கும் நடுவில் இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. அது நீக்கல்.

நான் இதை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கியிருந்தேன். நீரென்றால் பிரதியீடு, மதுசாரமென்றால் நீக்கல். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் போச்சு.

சத்தமாகப் பாடமாக்கும் பழக்கம் வேறு. “மதுசாரத்தில் போட்டால், மதுசாரத்தில் போட்டால்” என்று நான் அடுப்படியில் நடந்துகொண்டிருந்தபோது உம்மா தஸ்பீஹ் மணியோடு வந்து நின்றார்.

“அஸ்தஃபிருல்லாஹ். மஃரிபு தொழுகுற நேரத்தில என்ன பேச்சு இது?”

“உம்மா, அத குடிக்கிறல்ல, எழுதுற,” என்று நானா உள்ளேயிருந்து கத்தினார்.

மதினி சிரித்து முடித்துவிட்டு என் கையிலிருந்த பேனையை வாங்கினாள்.

“நீ போறவனையே பாக்குற நிஹாரா. புரோமீன் ரெண்டுலயும்தான் போறான். வாரவன் எதுக்கு வாரான்னு பாரு.”

பிறகு அவள் சொன்னது இதுதான். ஓ.எச்சுக்கு இரண்டு குணம் உண்டு. காபனைப் போய்ப் பிடிக்கவும் செய்யும், ஐதரசனைப் பறிக்கவும் செய்யும். புரோமீன் இருக்கும் காபனைச் சுற்றி இடமிருந்தால் பின்பக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும். புரோமீன் முன்பக்கமாக இறங்கிவிடும். ஆனால் அந்தக் காபனைச் சுற்றி மூன்று பெரிய கூட்டங்கள் நெருக்கிக்கொண்டு நின்றால்?

“நம்மட தம்புள்ள பஸ் மாதிரி,” என்றாள். “நடுவில சீட் ஈக்குது. கிட்ட போக ஏலாது. அப்ப என்ன செய்யும்? ஓரத்தில நிக்கிற காபன்ட கையில ஈக்கிற ஐதரசன பறிச்சுக்கிட்டு எறங்கிடும். ஓரத்துக் காபனுக்கு இப்ப ஒரு கை வெறுங்கை. அந்தக் கையால நடுவில நிக்கிறவன புடிச்சுக்கிரும். நடுவில நிக்கிறவன் புரோமீன விட்டுருவான்.”

“நீர், மதுசாரமெல்லாம்?”

“தண்ணிக்குள்ள ஓ.எச்ச சுத்தி தண்ணி மூலக்கூறு புடிச்சுக்கிட்டு நிக்கும். பறிக்கிற பலம் கொறவு. மதுசாரத்தில பலம் கூட. சூடும் சேர்ந்தா இன்னும் கூட. பாடமாக்காத. யாருக்கு எங்க இடமில்லன்னு பாரு, விடை தானா வரும்.”

தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்றைக்கு விளங்கியது இன்று வரை விளங்கியே இருக்கிறது. டியூஷன் வகுப்பில் ஒரு வருடம் விளங்காதது.

நாவுலையில் மழை

இதை நீட்டி எழுத என்னால் முடியாது. ஒரு நாள் அதிகாலையில் நானாவின் லொறி நாவுலைப் பக்கம் மழையில் சறுக்கியது. அஸர் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கினார்கள். அவ்வளவுதான்.

சத்தம் போடும் ஒருவர் இல்லாமல் போன வீட்டில் பீங்கான் முட்டும் சத்தம் பெரிதாகக் கேட்டது. உம்மா ஒவ்வொரு லொறிக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மதினி இத்தா இருக்கத் தொடங்கினாள். எங்களில் கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, அந்நிய ஆண்களைப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் வெள்ளை உடுப்பும் ஒரு வழக்கம். வாசலுக்குத் திரை போட்ட அறையில் வெள்ளை உடுப்போடு அவள் உட்கார்ந்திருந்தாள். பாஸ் பேப்பர் புத்தகங்கள் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டன.

ஆறுதல் சொல்ல வந்த ஒரு மாமி, மதினிக்குக் கேட்கும்படியே, “இளம் புள்ள. இத்தா முடிஞ்சா இன்னொரு எடம் பார்த்துக் குடுத்திடலாம்,” என்றார். நானாவுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் கூட முடியவில்லை, அதற்குள். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் கொடுத்த தேத்தண்ணீரில் சீனி போடாமல் விட்டேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

அன்றிரவு மதினியின் அறையில் படுத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். “இவங்களுக்கு பிரதியீடுதான் தெரியும் மதினி. ஒருத்தர் போனா அந்த எடத்தில இன்னொருத்தர். நாம நீக்கல். நானா போயிட்டார். நீங்களும் நானும் மத்தக் கையாலயும் புடிச்சுக்குவம்.”

பெரிய தத்துவம் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

“காபனுக்கு அழத் தெரியாது நிஹாரா,” என்றாள் மதினி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

திரைக்கு இந்தப் பக்கம்

பரீட்சை இத்தாவுக்குள் வந்தது. பள்ளிவாசல் மௌலவியை வரவழைத்தது நான்தான். அவர் திரைக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்தார். பரீட்சைக்குப் போகலாமா என்று மதினி அந்தப் பக்கம் இருந்து கேட்டாள்.

“அவசியமான தேவைக்கு பகல்ல போய் வரலாம் மகள். ராவைக்கு வூட்டிலதான் தங்கணும். பரீட்சை தேவைதான். மௌத்தானவரும் அதுக்கு சம்மதிச்சவர்தானே. நீங்க எழுதுங்க.”

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்த எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உம்மாவும் மறுக்கவில்லை. “மௌலவி சொன்னா சரி. நானே கூட்டிக்கிட்டுப் போறேன்,” என்றார். தெரிந்த பையனின் ஆட்டோவில் திரை கட்டி உம்மாவும் மதினியும் வருவது, நான் பஸ்ஸில் முன்னால் போவது என்று ஏற்பாடு. அலுமாரிக்கு மேலிருந்து புத்தகங்கள் இறங்கின. வெள்ளை உடுப்போடு மதினி மறுபடியும் படித்தாள். அழுவாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு படிப்பாள்.

நாங்கள் யாருமே யோசிக்காத ஒன்று இருந்தது. உயிரியல் பேப்பர் நாளும் நானாவின் நாற்பதாம் நாள் கத்தமும் ஒன்றாக வந்தன. கத்தம் மாலையில்தானே என்று விட்டுவிட்டோம்.

ஒண்டுதானே மகள்

காலியான அந்த மேசையின் கதை, பிறகு மதினி எனக்குச் சொன்னது.

நான் பஸ்ஸுக்குப் போன பிறகு அவள் கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு, அட்மிஷன் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். ஆட்டோ வாசலில் நின்றது. கத்தத்துக்குக் கொடுக்க வந்த இறைச்சியை அடுப்படியில் பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். உம்மா செருப்பைப் போடக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இண்டைக்குப் போகாத மகள்,” என்றார். “என்ட புள்ளட நாப்பது. வூட்டில அவன்ட ஆள்னு நீ ஒருத்திதான் ஈக்குற. நீயும் வாசல் தாண்டினா நான் என்ன செய்வன்?”

மதினி நின்றாள்.

“ஒண்டுதானே மகள். மத்ததெல்லாம் எழுது, நான் மறிக்கல்ல. இத பொறகு எழுதிக்கலாம்.”

உம்மாவுக்குத் தெரிந்த பரீட்சை ஓ.எல் ஒன்றுதான். நானா ஓ.எல்லில் கணிதத்தில் விழுந்து, அடுத்த வருடம் அதை மட்டும் எழுதிப் பாஸானவர். ஒன்பது பாடத்தில் ஒன்று போனால் குடி முழுகிப் போவதில்லை என்பது எங்கள் வீட்டின் அனுபவம். ஏ.எல்லும் அப்படித்தான் என்று உம்மா முழு மனதோடு நம்பினார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். “மாமி, இதுதான் கடைசித் தரம், ஒண்டு போனா எல்லாம் போச்சு.” அந்த வார்த்தை வாய் வரை வந்தது என்றாள் மதினி.

“ஏன் சொல்லல்ல?” என்று நான் கத்தினேன்.

“மாமிட மொகத்தப் பார்த்தேன்.”

மண்டபத்திலிருந்து நான் மாலையில் திரும்பி வந்தபோது வீட்டில் கத்தம் ஓதிக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகைக்குள் மதினி வெள்ளை உடுப்போடு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உம்மாவிடம் உண்மையைப் போட்டு உடைக்கத்தான் நான் ஆத்திரத்தோடு வந்தேன். மதினி எழும்பி வந்து என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“சொல்லாத.”

“மதினி, உங்கட படிப்பு போயிட்டுது!”

“தெரியும். எனக்குத் தெரியாதா? மாமிக்கு மவன் போனதே போதும். அவங்களால என்ட படிப்பும் போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுசி தாங்குவாங்களா?” அவள் என் கையைப் பிடித்தாள். “நீ சொன்னா நான் இந்த வூட்டில ஒரு நாளும் இருக்கமாட்டேன்.”

மற்றப் பேப்பர்கள்

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மிச்சப் பேப்பர் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதாமல் வீட்டிலிருந்தால் உம்மா காரணம் கேட்பார். ஆகவே திரை கட்டிய ஆட்டோவில் உம்மாவோடு வந்து, எதற்கும் உதவாத ஒரு பரீட்சையைக் கடைசி மணி அடிக்கும் வரை இருந்து எழுதினாள். உம்மா மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு காத்திருந்தார். வெளியே வந்ததும் போத்தலைத் திறந்து தண்ணீர் கொடுப்பார். “லேசா?” என்று கேட்பார். “லேசு மாமி,” என்பாள்.

கெமிஸ்ட்ரி பேப்பரில் அந்தப் பாடம் வந்தது. நெருக்கமான காபனொன்றைக் கொடுத்து, எது விளைவு, ஏன் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அடுப்படியும் தேங்காயும் பஸ்ஸும் வரிசையாக வந்தன. எழுதிக்கொண்டே போனேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் மதினியும் எழுதிக்கொண்டிருந்தாள், புள்ளி கிடைக்கப் போகிறவள் மாதிரி, ரூலர் வைத்துப் பிணைப்புக் கோட்டைக் கீறிக்கொண்டு. என் கண்ணில் நீர் முட்டி, எழுதிய சமன்பாட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

அவளுடைய விளக்கத்தால் பாஸாகிக் கம்பஸ் போனவள் நான். இப்போது மாத்தளையில் கறுவா, மிளகு எண்ணெய்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்வதும் அதனால்தான். முதல் சம்பளம் எடுத்த அன்று மதினிக்குப் போன் பண்ணிப் பேச முடியாமல் வைத்துவிட்டேன்.

பெறுபேறு போனில் வந்தது. அதற்குள் இத்தா முடிந்து, அவளைக் கூட்டிப்போக அவளுடைய வாப்பா வந்திருந்தார். கெமிஸ்ட்ரி ஏ. பௌதிகவியல் பி. உயிரியலுக்கு நேரே, சமுகமளிக்கவில்லை.

“பாஸா மகள்?” என்றார் உம்மா.

“பாஸ் மாமி.”

“அப்ப கம்பஸ்?”

“பாஸ்தான். ஆனா புள்ளி கொஞ்சம் காணாது மாமி. நெறைய பேர் எழுதுறாங்கதானே.”

“அல்லாஹ் நாடல்ல,” என்று உம்மா அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் கொஞ்சினார். மதினியின் வாப்பா வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குளிப்பாட்டும் இடத்தில்

மதினி பிறகு மறுமணம் முடித்தாள். நல்ல மனிதர், இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். உம்மா அவளுடைய பிள்ளைகளைத் தன் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

போன நோன்புக்கு முன் உம்மா மௌத்தானார். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். அவர் இருக்கும் வரை எழுதியிருக்க முடியாது.

உம்மாவின் மையித்தைக் குளிப்பாட்டத் திரை கட்டியாயிற்று. மதினி தம்புள்ளையிலிருந்து வந்து சேர்ந்தாள். அயல் பெண்கள் சிலர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“இவதான் அந்த மருமகள்,” என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னாள். “மாமி எப்பவும் சொல்லுவாங்களே. மவன்ட நாப்பது கத்தத்துக்காக ஒரு பேப்பர விட்டுட்டு, அப்பிடியும் ஏ.எல் பாஸ் பண்ணினவ. என்ட மருமகள் மாதிரி யாரும் இல்லன்னு சொல்லிச் சொல்லியே ஈந்தாங்க.” பிறகு மதினியிடம் திரும்பி, “மெய்தானே?” என்றாள்.

உம்மாவின் காது இனிக் கேட்கப் போவதில்லை. இனியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மதினி உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“மெய்தான். பாஸ்,” என்றாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, தண்ணீர் அள்ளக் குனிந்தாள்.